சந்துக்குள் ஒரு 62 அடிச் சுவர்: குடியாத்தம் பக்கத்து ஓவியர் இருவரோடு நடந்த வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியிலிருந்து 2024 பொங்கல் வரை, குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் அரசுப் பள்ளிச் சுவரில் நடந்த ஓவிய வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். அந்த வேலையை ஏற்பாடு செய்த ஐந்து பேரில் நானும் ஒருவன். வேறொரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். உள்ளூர்க் கலைஞர்களை வைத்து இப்படி ஒரு வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு எங்கள் தவறுகள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. ஓவியர்கள் இருவரும் இதைப் படித்துவிட்டு, பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள். அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர்ப் பகுதி 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. கலை விஷயத்தில் இந்தக் கோடுகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசைத் தெருக்கூத்தைப் பற்றிக் குடியாத்தத்து டீக்கடையில் பேசுவார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சுற்று வட்டார ஊர்கள் எல்லாம் திரண்டு வரும். வெளியூர்க்காரர்களுக்குக் குடியாத்தம் என்றால் கைலியும் தீப்பெட்டியும்தான் ஞாபகம் வரும். ஆனால் தறி, கூத்து, போர்டு எழுதுவது, சுதை வேலை என்று கை வேலைக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர்கள் இவை. இன்றைக்கும் இருக்கிறார்கள். பலர் வேறு வேலை பார்க்கிறார்கள்.

பள்ளியின் தென்புறச் சுற்றுச்சுவர் 2022 கடைசியில் புதிதாகக் கட்டியது. நீளம் 62 அடி, உயரம் 5.5 அடி. சுவருக்கு வெளியே ஒரு சந்து, அகலம் 8 அடிக்குள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சந்து வழியாகத்தான் வந்து போகிறார்கள். இந்த மூன்று அளவுகளும் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம். நாங்கள் முதலில் அவற்றை வைத்து வண்ணத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டோம்.

முன்னாள் மாணவர்கள் 54,000 ரூபாய் திரட்டியிருந்தார்கள். வெளியூர்க் குழு ஒன்றை அழைத்து வரையலாம் என்று பேச்சு வந்தது. உள்ளூரிலேயே ஓவியர்கள் இருக்கும்போது ஏன் வெளியே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்தப் பிடிவாதம் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஓவியர்கள் இருவர்

மூத்தவருக்கு அப்போது 57 வயது. பதினாறு வயதில் வேலூர் டவுனில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் சேர்ந்தவர். இரண்டு வருஷம் பிரஷ் கழுவினார். மூன்றாவது வருஷம் எழுத்துக்கு உள்நிறம் கொடுக்க விட்டார்கள். அப்புறம்தான் கோடு. கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், கட்சிச் சுவர் விளம்பரம், சினிமா பேனர் என்று எல்லாம் செய்திருக்கிறார். நீலம் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவதை அவர் செய்து பார்க்க வேண்டும். 20 அடி நீளத்துக்கு ஒரே சுண்டல்தான், கோடு மயிரிழை பிசகாது. 2000-களின் நடுவில் ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு நாள் முழுக்க எழுதுகிற பலகையை அரை மணி நேரத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, கடையை மூடி, ஒரு குடோனில் இரவுக் காவலுக்குப் போய்விட்டார். எங்கள் குறிப்பேட்டில் அவரைப் பற்றி, 'சுமார் 15 ஆண்டுகளாக வரையவில்லை' என்று எழுதினோம். அந்த வரி தவறு என்று மே மாதம்தான் தெரிந்தது.

இளையவர் பெண், 24 வயது. நெசவுக் குடும்பம். அப்பா தறியில், அம்மா தார் (ஊடை நூல்) சுற்றுவார். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பி, டேப்லெட்டில் வரைந்து ஆர்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மூத்தவரை 'மாமா' என்று கூப்பிடுவார். அவர் இவரைப் 'பாப்பா' என்பார். முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகத்தான் நாளானது.

திறப்பு விழாவில் ஒட்டுவதற்காக ஒரு தகவல் தாள் தயாரித்தோம். அதில் ஒரு கேள்வி: 'உங்கள் படைப்புக்குத் தூண்டுதல் எது?' இளையவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பெரும்பாலும் வெளிநாட்டு ஓவியர்களின் பெயர்கள். நம் பக்கத்து ஆள் யாருமே இல்லையா என்று கேட்டேன். திருவண்ணாமலையில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த சந்தானராஜின் பெயரை நானே எடுத்துக் கொடுத்தேன். இளையவரும் அதைச் சேர்த்து எழுதிவிட்டார். பதில் சொல்ல வேண்டியவரின் வாயில் பதிலை நாமே ஊட்டுவது எவ்வளவு சுலபம் என்பதற்குச் சாட்சியாக அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூத்தவர் அந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தார். "இன்னா சார் எழுதறது? ஆர்டர் வந்தா வரைவேன்" என்றார். அதையே எழுதிக்கொண்டோம். பாவம், மனுஷன் சோர்ந்துபோயிருக்கிறார் என்று நினைத்தோம்.

முதல் வேலை: பிப்ரவரி

படத்தை நாங்களே முடிவு செய்தோம். குழுவில் ஒருவர் இணையத்தில் தேடி எடுத்தது. நடுவில் பூமி உருண்டை, அதைச் சுற்றிக் கைகோத்த பிள்ளைகள், இரண்டு பக்கமும் மரம், பட்டாம்பூச்சி. தாளில் பார்த்தபோது எல்லாருக்கும் பிடித்திருந்தது. கூலி சதுர அடிக்கு 60 ரூபாய் என்று பேசினோம், அதில் இருவருக்கும் பங்கு.

மூத்தவர் தாளில் கட்டம் போட்டு, சுவரில் நூல் அடித்துப் பெரிதாக்கினார். இளையவர் வண்ணம் கொடுத்தார். பத்து நாளில் 40 அடி முடிந்தது. கோட்டில் ஒரு பிசகு கிடையாது. ஆனால் பார்க்கிற யாருக்கும் அது ஒட்டவில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்காமலே நடந்து போனார்கள். மூன்று நாள் காலையிலும் மாலையிலும் சந்தில் நின்று நான் கவனித்தேன். நின்று பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. தலைமை ஆசிரியர் மட்டும் எதிர் வீட்டு மாடியில் ஏறிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்.

இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். மூத்தவர் இரவுக் காவல் முடித்து நேராகக் காலை ஏழு மணிக்குச் சுவருக்கு வருவார். பதினோரு மணிக்கு மேல் கண் சொருகும். டீ வாங்கிக் கொடுத்தோமே தவிர, மனுஷன் எப்போது தூங்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுவர் பொரிந்தது: மார்ச்

மார்ச் இரண்டாம் வாரம் கீழிருந்து இரண்டு அடி உயரத்துக்கு வண்ணம் கொப்புளித்தது. விரலால் தொட்டால் தோல் போல உரிந்து வந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

காரணத்தைக் கொத்தனார் ஒருவர் விளக்கினார். புதுச் சுவர், கட்டியதும் பிறகு நனைத்துப் பதப்படுத்தியதும் உப்புத் தண்ணீரான போர்வெல் தண்ணீரில். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்புப் பூச்சும் சரியாக இல்லை. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். வெயிலில் ஈரம் ஆவியாகும், உப்பு மேல்பரப்பில் நின்றுவிடும். நாங்கள் அடித்திருந்தது பிளாஸ்டிக் எமல்ஷன், ஓரங்களில் எனாமல். அந்தப் படலம் ஈரத்தை வெளியே விடாது. அதனால் உப்பு படலத்துக்குப் பின்னால் குவிந்து அதைத் தள்ளிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தோம். காலையில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. வேலைக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை அது, செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

வேலையை நிறுத்தினோம். செய்த 40 அடிக்கு, அதாவது 220 சதுர அடிக்கு, 13,200 ரூபாயை இருவருக்கும் முழுசாகக் கொடுத்தோம். குழுவில் ஒருவர், உரிந்துபோன வேலைக்கு எதற்கு முழுப் பணம் என்று கேட்டார். சுவரைத் தேர்ந்தெடுத்ததும் வண்ணம் வாங்கியதும் நாங்கள்தான், அவர்கள் செய்த வேலையில் குறை இல்லை என்று தீர்மானித்தோம். அந்த முடிவு இல்லாவிட்டால் இருவரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

வேலூர்க் கோட்டைக்குப் போனது: ஏப்ரல்

சுவர் காயும்வரை படத்தையாவது யோசிக்கலாம் என்று, ஓவியர்களுக்கு 'ஒரு தூண்டுதல்' கிடைக்கட்டும் என்று, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனோம். கோட்டைக்குள் இருக்கிற இந்தப் 16-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பற்றி நான் சொல்லி முடியாது. பாயும் குதிரைகள், யாளிகள், அவற்றின்மேல் வீரர்கள், ஒவ்வொரு தூணும் ஒரு கூட்டம். கோயிலில் நெடுங்காலம் மூலவரே இல்லாமல் இருந்தது, 1981-இல்தான் லிங்கத்தைத் திரும்பப் பிரதிஷ்டை செய்தார்கள். அவ்வளவு காலமும் அந்தச் சிற்பங்கள் மட்டும் அங்கே தனியாக நின்றன என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஏதோ செய்யும்.

மூத்தவர் மண்டபத்தைப் பத்து நிமிஷத்தில் சுற்றி முடித்தார். "நல்லா கீது சார். கல்லு வேலை. அது கல்லுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து அகழிக் கரையோரமாக நடந்துகொண்டே இருந்தார். மதிலை ஒட்டி வெகுதூரம் போய்த் திரும்பி வந்தார். அலுத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். நீளமான ஒரு சுவரை அவர் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இளையவர் கதை வேறு. ரிஷப குஞ்சரத்தின் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. காளையும் யானையும் எதிரெதிராக நிற்கும், தலை ஒன்றுதான். ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது எங்க அப்பா கட்டம் போடற மாதிரி இருக்கு. கைலில ஒரு சிவப்பு இழை போச்சுன்னா அது இந்தக் கட்டத்துக்கும் ஓரம், பக்கத்துக் கட்டத்துக்கும் ஓரம்." அன்றைக்கு நோட்டில் காளை யானை எதையும் வரையவில்லை. பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) குறுக்கே போகிற கட்டங்களாகப் போட்டு, ஒரே கோடு இரண்டு உருவத்துக்குப் பொதுவாக வருகிற மாதிரி பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தார். தகவல் தாளில் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் தறியைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

ஆக, ஒரே இடத்துக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போனோம். ஒருவருக்கு வழி திறந்தது, இன்னொருவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று குறித்துக்கொண்டோம்.

படுகளம்: மே

மே முதல் வாரம் பழைய வண்ணத்தைச் சுரண்டும் வேலை. முன்னாள் மாணவர்களே செய்தார்கள். கூட இருந்து பார்த்துச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்த மூத்தவர் இரண்டு நாளாக வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவர் வீட்டில் கேட்டேன். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, "அங்க துரோபதியம்மன் கோயில்ல இருப்பாரு" என்றார்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போனேன். பாரதக் கூத்தின் கடைசி நாள். எங்கள் பக்கத்து ஊர்களில் அக்னி வசந்த விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரியில் கூத்தும் நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. களத்தில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஏரி மண்ணைக் குழைத்து நாற்பது அடி நீளத்துக்கு எழுப்பிய உருவம். கூத்தில் வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தின்மேலும் சுற்றியும் ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்த சட்டி உடைந்து செந்நீர் வழியும். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். முடிந்ததும் சனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த மண் மார்பின்மேல் முழங்கால் அளவு சேற்றோடு நின்றுகொண்டிருந்தவர் எங்கள் ஓவியர்.

என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவருடைய நைனா காலத்திலிருந்து இந்த உருவத்துக்கு முகம் வைப்பது அவர்கள் குடும்பம்தான். நைனா இறந்த பிறகு வருஷா வருஷம் இவர். 'பதினஞ்சு வருஷமா வரையலைன்னு சொன்னீங்களே' என்று கேட்டேன். "இது வேலைக் கணக்குல வராது சார். இது ஊர் முறை" என்றார்.

அன்றைக்குக் காலை மூன்று மணி நேரம் அவர் வேலை செய்ததைப் பார்த்தேன். தொப்புள் வரவேண்டிய இடத்தில் ஒரு முளை. அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தோள், இடுப்பு, முழங்கால் எல்லா அளவும். முகத்துக்குச் சுண்ணாம்பும் காவியும், மீசைக்குக் கரி. கண் கடைசியில். அடிக்கடி கீழே இறங்கி, பாதத்திலிருந்து தலைவரை ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி ஏறுவார். ஏன் என்று கேட்டபோது சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "படுத்துக்கினு கீறவனை ஒரு இடத்துல நின்னு பார்த்தா தெரியாது சார். நடந்துதான் பார்க்கணும். கால்கிட்ட நிக்கறவனுக்கு கால் பெருசு, தலைகிட்ட நிக்கறவனுக்குத் தலை பெருசு. நடக்கறவனுக்குத்தான் ஆள் முழுசா சேருவான். நைனா சொன்னது."

எனக்கு உடனே எங்கள் சந்து ஞாபகம் வந்தது. 62 அடி நீளம், 5.5 அடி உயரம், எதிரே 8 அடி. அந்தச் சுவரின் முன்னால் நின்று நடுவில் இருக்கிற உருண்டையை முழுசாகப் பார்க்க யாராலும் முடியாது. பின்வாங்க இடம் கிடையாது. தாளில் பார்த்த படத்தைத் தெருவில் பார்க்கவே முடியாமல் வரைந்துவைத்திருந்தோம். அந்தச் சுவர் நடந்து பார்க்க வேண்டிய சுவர். அப்படிப்பட்ட உருவத்தைச் சின்ன வயதிலிருந்து செய்து பழகிய ஒரே ஆளின் கையில் நாங்கள் ஒரு தாளைக் கொடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கச் சொல்லியிருந்தோம். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, படத்தை அவர்கள் இருவரிடமே விடுவது. மூத்தவர் சுவரோரம் நான்கு தடவை நடந்துவிட்டு, படுத்த உருவம்தான் இந்தச் சுவருக்குச் சேரும் என்றார். தலைமை ஆசிரியருக்குத் தயக்கம். அரசுப் பள்ளி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், தொடை உடைந்து கிடக்கும் துரியோதனன் வேண்டாம் என்றார். அது நியாயமான கவலை. வழி சொன்னவர் இளையவர். "மாமா, ஆளை வரைய வேண்டாம். ஆளைச் செய்யறதை வரையலாம்." அதாவது விழாவுக்கு முந்தின நாள். ஊர் சேர்ந்து மண் சுமந்து ஒரு பெரிய மனிதனை எழுப்புகிறது, முகம் இன்னும் வைக்கவில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது எங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற மலைத்தொடர் மாதிரி தெரியும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மண் சுமப்பவர்கள் யார் யார் என்பதில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு நடந்தது. களத்தில் பெண்கள் மண் சுமப்பதில்லை. எந்தத் தெருக்காரர் எந்த வேலை செய்யலாம் என்பதற்கும் ஊருக்கு ஊர் பழைய வழக்கு இருக்கிறது. இளையவர், "பள்ளிக்கூடச் சுவர்ல எல்லாரும் சுமக்கட்டும்" என்றார். மூத்தவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்து முதல் கூடையை ஒரு பெண் பிள்ளையின் தலையில் வரைந்தார்.

இரண்டாவது முடிவு சுண்ணாம்பு. மே மாதத்தின் மீதி நாள் முழுக்க, அக்னி நட்சத்திர வெயிலில், சுவரைச் சும்மா காய விட்டோம். எமல்ஷன் வேண்டாம், வஜ்ஜிரப் பசை கலந்த சுண்ணாம்பு மூன்று பூச்சு, அதன்மேல் காவி, மஞ்சள் காவி, கரி, நீலம் மட்டும் என்று கொத்தனாரும் மூத்தவரும் சேர்ந்து சொன்னார்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஈரத்தை அடைத்துவைக்காது. இது நிற்குமா என்று குழுவில் சந்தேகம் வந்தபோது நான் அர்மாமலையைச் சொன்னேன். ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டில் இருக்கிற அந்தச் சமணக் குகையில், 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான் இருக்கின்றன. நிறைய அழிந்துவிட்டது, இருந்தாலும் மீதி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கைத்திறனோடு எங்களை ஒப்பிடவில்லை. பொருளை நம்பலாம் என்பதற்காகச் சொன்னேன்.

கீழே ஒன்றரை அடிக்குப் படம் வேண்டாம், வெறும் காவிப் பட்டை போதும் என்று மூத்தவர் சொன்னார். எப்படியும் அங்கே உப்பு வரும், வந்தால் அதை மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கூலி. சதுர அடிக் கணக்கை விட்டு, நாளுக்கு 1,000 ரூபாய் என்று இருவருக்கும் ஒரே மாதிரி வைத்தோம். அந்தப் பணத்தை நம்பி மூத்தவர் காவல் வேலைக்குப் பன்னிரண்டு நாள் லீவு போட்டார். சதுர அடிக் கணக்கில் நடந்து பார்க்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. நாள் கூலியில் அதுவும் வேலைதான்.

இரண்டாம் வேலை: ஜூன்

அந்த வருஷம் வெயிலால் பள்ளி திறப்பது ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது எங்களுக்கு உதவியாக அமைந்தது. சுவரின் நடுவில் ஒரு ஆணி அடித்து, அதில் கயிறு கட்டி அளவு எடுத்தார் மூத்தவர். கட்டம் போடவில்லை. தூங்கி எழுந்து வந்த மனுஷனின் கையே வேறு. பாதத்தை வழக்கத்துக்கு மேல் பெரிதாகப் போட்டார். சந்து முனையில் திரும்பியதும் முதலில் தெரிவது அதுதான். நடக்க நடக்க முழங்கால் மலையாக எழும், கை நீளும், தோள் வரும்.

இளையவருக்கு முதலில் கஷ்டம். திரையில் கணக்கில்லாத நிறங்களோடு பழகியவருக்கு இங்கே சுண்ணாம்பு வெள்ளையோடு சேர்த்து ஐந்துதான். மண் சுமப்பவர்களின் கைலியிலும் புடவையிலும் அவர் கட்டங்களை வைத்தார். ஒருவரின் துணி ஓரம் அடுத்தவரின் கூடை ஓரமாக, ஒரே கோட்டில் அறுபது அடிக்கும் போகும். கோட்டையில் உட்கார்ந்து பார்த்தது இங்கே வந்து சேர்ந்தது. மஞ்சளும் நீலமும் கலந்து ஒரு பச்சையைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவர் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பச்சை நம்ம வீட்டுச் சாயத்துல வராதே என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம் என்றார் மகள்.

ஜூன் 12 அன்று பாதி முடிந்திருந்தது. பிள்ளைகள் வேலை நடக்கும்போதே வந்தார்கள். இந்தத் தடவையும் நின்று பார்க்கவில்லை, ஆனால் காரணம் வேறு. கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே பாதத்திலிருந்து தலைவரை நடந்தார்கள், திரும்பி ஓடிப்போய் மறுபடி நடந்தார்கள். ஜூன் கடைசி வாரம் வேலை முடிந்தது. மூத்தவருக்கு 12 நாள், இளையவருக்கு 8 நாள், பொருள்களுக்கு 6,000 ரூபாய். முதல் வேலையின் வண்ணத்துக்கும் பொருளுக்கும் ஏற்கெனவே 14,500 போயிருந்தது. கடைசியில் கையில் 300 ரூபாய் மிஞ்சியது.

பிறகு நடந்தவை

கார்த்திகை மழையில் காவிப் பட்டையில் நான்கைந்து இடத்தில் உப்பு வந்தது. படத்துக்கு ஏறவில்லை. 2024 பொங்கலுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுரண்டிவிட்டுக் காவி அடித்தார்கள். மூத்தவர் வந்து வஜ்ஜிரம் எவ்வளவு கலப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

வாழ்க்கை பெரிதாக மாறிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. மூத்தவர் இன்னும் காவல் வேலைக்குப் போகிறார். அதன்பின் இரண்டு சுவர் வேலை வந்தது. ஒன்றைச் செய்தார். இன்னொன்றில் அச்சடித்த படத்தைக் கொடுத்து அப்படியே வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யலாமா என்று பேசியபோது, தன்னைக் கலைஞர் என்று எழுதலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆமாம் என்ற ஒரு பதில்தான் இருந்தது. விண்ணப்பம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. இளையவர் டேப்லெட்டில் வரைவதை விடவில்லை. கூடவே அப்பா தறியில் புதுக் கட்டம் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார். இரண்டு தடவை இழை அறுந்தது, மூன்றாவது தடவை நான்கு முழம் வந்திருக்கிறது.

இனி மாற்றிச் செய்வது

சுவரின் ஈரத்தைச் சோதிக்காமல் பிரஷ் வாங்கக் கூடாது. கூலி நாள் கணக்கில்தான். வேறு வேலை பார்க்கிறவர் என்றால் அந்த வேலையின் நேரத்தை முதலில் கேட்க வேண்டும்.

தகவல் தாளிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். கோட்டைக்குக் கூட்டிப்போனது வீண் என்று நான் சொல்ல மாட்டேன், இளையவருக்கு அங்கேதான் திறந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரமாவது அவர்கள் பின்னாலேயே நாங்கள் போயிருக்க வேண்டும். எந்த விழாவுக்குப் போகிறார்கள், யாருக்குச் சும்மா செய்து கொடுக்கிறார்கள், வீட்டில் அப்பா அம்மா கை என்ன வேலை செய்தது என்று பார்த்திருக்க வேண்டும். இப்போது நான் கேட்பது, "காசு வாங்காம எதைச் செய்யறீங்க?" என்பதுதான். இதுவரை நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன், நான்கு பேரும் நீளமாகப் பதில் சொன்னார்கள்.

அடுத்து இன்னொரு பள்ளியில் ஒரு சுவர் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் மூன்று பேருமாகப் போனோம். கையில் படம் எதையும் எடுத்துப்போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் சுவரோரமாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இருவரும் நடந்தார்கள், நான் பின்னால் போனேன். பாதி தூரத்தில் மூத்தவர் நின்று, அடிமண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணி நிக்கும் பாப்பா" என்றார். இளையவர் அந்த இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்தார்.